ஒப்பந்ததாரரின் ஆட்களுக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதா? வேலை கொடுக்கும் முன் சரிபார்க்கும் வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூரை மாற்ற, கட்டடம் கட்ட, இயந்திரம் பொருத்த, வெள்ளையடிக்க என்று வெளியாளிடம் வேலையை ஒப்படைக்கும்போது தொகை, தவணை, பொருளின் தரம் எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுகிறோம். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் அவருடைய மருத்துவச் செலவையும் அவர் குடும்பத்தையும் யார் பார்ப்பது என்ற பேச்சு பெரும்பாலும் வருவதில்லை. அந்தப் பேச்சை முன்கூட்டியே, கையில் ஆவணத்தோடு முடித்துக்கொள்வதற்கான பக்கம் இது.

அவருடைய ஆட்களுக்கு அவர்தானே பொறுப்பு? நான் ஏன் பார்க்க வேண்டும்?

முதல் பொறுப்பு அவருடையதுதான். அவரால் கொடுக்க முடியாதபோது பொறுப்பு ஒரு படி மேலே ஏறி உங்களிடம் வரும். இந்தியாவில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 12-ஆம் பிரிவில் இதை வெளிப்படையாகவே சொன்னது. ஒருவர் தன் தொழிலின் வழக்கமான பகுதியாக உள்ள வேலையை ஒப்பந்ததாரரிடம் விட்டால், அங்கே அடிபடும் தொழிலாளி இழப்பீட்டை வேலை கொடுத்தவரிடமே கேட்கலாம். கொடுத்த தொகையை அவர் பிறகு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்தபோதும் இந்தப் பொறுப்பு நீங்கவில்லை. வசூலிக்கும் உரிமை ஏட்டளவில் பெரிதாகத் தெரியும். ஆனால் ஒரு வருடப் பிரீமியம் கட்டவே தயங்கியவரிடம் பல லட்சத்தை எங்கிருந்து வசூலிப்பது?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இது வேறு வடிவத்தில் வருகிறது. ஒப்பந்ததாரர் தொழிலாளர் காப்பீட்டு வாரியத்துக்குக் கட்ட வேண்டிய பிரீமியத்தைக் கட்டாமல் விட்டிருந்தால், சான்று வாங்காமல் வேலை கொடுத்தவரிடம் வாரியம் அதைக் கேட்கலாம்.

சொந்த வீட்டுக்கு வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேலே சொன்ன இந்தியப் பிரிவு தொழில் நடத்துபவர்களைப் பற்றியது. குடியிருக்க வீடு கட்டுபவரைப் பெரும்பாலும் அது தொடாது. ஆனால் ஒப்பந்ததாரர் என்று நீங்கள் நினைப்பவர் வெறும் மேஸ்திரியாக இருந்து, நாள்கூலியை ஒவ்வொருவர் கையிலும் நீங்களே கொடுத்து, காலையில் யார் எந்தச் சுவரில் நிற்க வேண்டும் என்பதையும் நீங்களே சொன்னால், ‘முதலாளி நீங்கள்தான்’ என்று வழக்கு வர இடம் இருக்கிறது. கவனக்குறைவுக்கான உரிமையியல் வழக்கு இதற்கு மேல் தனி.

எந்தப் பாலிசியைக் கேட்க வேண்டும்? அவர் ஏதோ ஒரு இன்சூரன்ஸ் தாளைக் காட்டுகிறார்.

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். காட்டும் தாள் உண்மையாகவே இருக்கும், ஆனால் வேறு காப்பீடாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது, வேலையில் அடிபட்ட தன் தொழிலாளிக்கு ஒப்பந்ததாரர் சட்டப்படி கொடுக்க வேண்டிய இழப்பீட்டை ஈடுகட்டும் பாலிசி. இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி என்பார்கள். பேச்சு வழக்கில் டபிள்யூசி பாலிசி.

பொதுப் பொறுப்புக் காப்பீடு இதற்கு ஈடாகாது. சாரத்திலிருந்து விழுந்த செங்கல் தெருவில் போனவர் தலையில் பட்டால் அது உதவும். சாரத்தில் நின்ற கொத்தனார் விழுந்தால் உதவாது. காப்பீடு செய்தவரின் சொந்தத் தொழிலாளர்களை அந்தப் பாலிசி வழக்கமாகவே விலக்கி வைக்கும். கட்டுமானப் பணிக்கான அனைத்து இடர் பாலிசியும் அப்படித்தான். கட்டும் கட்டடத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் நேரும் சேதத்தைத்தான் அது பார்க்கும்.

தனிநபர் விபத்துப் பாலிசி இன்னும் குழப்பும், ஏனென்றால் அது உண்மையிலேயே தொழிலாளிக்குப் பணம் தருகிறது. ஆனால் தருவது பாலிசியில் எழுதிய தொகை மட்டும். சட்டப்படியான இழப்பீட்டை அது தீர்த்துவிடாது. கூடுதலாக இருந்தால் நல்லது. அது மட்டும் இருந்தால் போதாது. மருத்துவக் காப்பீட்டு அட்டையும் அப்படியே.

சட்டம் ஊருக்கு ஊர் மாறுமே, எங்கே எதைக் கேட்பது?

மாறும். ஆனால் உலகம் முழுக்க இரண்டு பெரிய வழிகள்தான். ஒன்று, அரசு வாரியமோ தொழில்துறை அமைப்போ காப்பீட்டை நடத்துவது. இன்னொன்று, தனியார் காப்பீட்டு நிறுவனத்தில் பாலிசி வாங்குவது. முதல் வழி ஜெர்மனியில் 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கியது. அங்கே இன்றும் முதலாளிகள் கட்டும் சந்தாவில்தான் விபத்துக் காப்பீடு நடக்கிறது, ஒப்பந்ததாரருக்கு நிலுவை இல்லை என்ற சான்றை அந்தத் துறைக்குரிய அமைப்பே தரும்.

ஒன்டாரியோவில் கேட்க வேண்டியது வாரியத்தின் கிளியரன்ஸ் சான்று, அதாவது ஒப்பந்ததாரரின் பதிவும் பிரீமியமும் சரியாக இருக்கின்றன என்ற சான்று. இணையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். கட்டுமானத் துறையில் தனியாளாகத் தொழில் செய்பவருக்கும் 2013 ஜனவரி முதல் அங்கே பதிவு கட்டாயம். வீட்டுக்காரர் தன் வீட்டைப் புதுப்பிக்க நேரடியாக அமர்த்தும் தனியாளுக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ‘நடப்புச் சான்று’ கேட்க வேண்டும். அதில் தொழில் வகை, ஆட்களின் எண்ணிக்கை, அறிவித்த சம்பளத் தொகை மூன்றும் இருக்கும். பிரிட்டனில் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளிகள் குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு முதலாளி பொறுப்புக் காப்பீடு வைத்திருக்க வேண்டும், சான்றிதழைத் தொழிலாளர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். சிங்கப்பூரில் 2019-ஆம் ஆண்டின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம். உடலுழைப்புத் தொழிலாளிக்குச் சம்பளம் எவ்வளவானாலும் காப்பீடு கட்டாயம். மலேசியாவில் பெர்கேசோ என்ற அரசுச் சமூகப் பாதுகாப்பு அமைப்பு, வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 ஜனவரியிலிருந்து அதில் சேர்க்கப்பட்டார்கள். இலங்கையில் 1934-ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒஹாயோ, வாஷிங்டன், வடக்கு டகோட்டா, வயோமிங் மாநிலங்களில் தனியார் பாலிசி வாங்க முடியாது, மாநில நிதியில்தான் சேர வேண்டும். அங்கே வேலை செய்பவர் தனியார் பாலிசியைக் காட்டினால் அப்போதே கேள்வி கேட்க வேண்டும். டெக்சாஸில் தனியார் முதலாளிகளுக்கு இந்தக் காப்பீடு கட்டாயமே இல்லை. அதனால் ‘சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிறது’ என்ற பதிலை அங்கே காப்பீடு இருப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தியாவில் இஎஸ்ஐ எண் கொடுத்தால் போதுமா?

இஎஸ்ஐ என்பது அரசு நடத்தும் தொழிலாளர் காப்பீடு. அதில் ஒப்பந்ததாரரின் நிறுவனக் குறியீட்டு எண் மட்டும் போதாது. பல வருடம் முன்பு பதிவு செய்துவிட்டு, நான்கு பேருக்கு மட்டும் சந்தா கட்டிக்கொண்டு, உங்கள் இடத்துக்கு இருபது பேரை அனுப்புவது நடக்கிற காரியம். கடைசி மூன்று மாதச் சந்தா கட்டிய ரசீதையும், அதோடு வரும் பெயர்ப் பட்டியலையும் கேளுங்கள். வேலைக்கு வரும் ஒவ்வொருவரின் காப்பீட்டு எண்ணும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியவர்கள் பொதுவாக இஎஸ்ஐ-க்குள் வரமாட்டார்கள். அவர்களுக்குத் தனிப் பாலிசி வேண்டும். இஎஸ்ஐ பட்டியலையும் பாலிசியின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டிலும் இல்லாதவர்கள் தெரிந்துவிடுவார்கள். கேட்க வேண்டியது அவர்களைப் பற்றித்தான்.

சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. வரி வரியாக எப்படிப் படிப்பது?

ஒரு கையில் சான்றிதழ், இன்னொரு கையில் உங்கள் ஒப்பந்தம் அல்லது விலைப்புள்ளி. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பெயரில் தொடங்குங்கள். ஒப்பந்தத்தில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று முடியும் பெயர் இருக்கிறது, சான்றிதழில் அந்த வால் இல்லை என்றால் அவை சட்டத்தின் கண்ணில் இரண்டு வேறு நபர்கள். அப்பா பெயரில் பாலிசி, மகன் பெயரில் பில் என்பதும் அடிக்கடி வரும். ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்பார்கள். கிளெய்ம் வரும்போது காப்பீட்டு நிறுவனம் அப்படிச் சொல்லாது. நீங்கள் பணம் அனுப்பப்போகும் வங்கிக் கணக்கின் பெயர், ஒப்பந்தத்தின் பெயர், பாலிசியின் பெயர், வரிப் பதிவின் பெயர் நான்கும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

அடுத்து தேதி. தொடங்கும் நாளை மட்டுமல்ல, நேரத்தையும் பாருங்கள். நள்ளிரவிலிருந்து என்று சில பாலிசிகளில் இருக்கும். பணம் கட்டிய நேரத்திலிருந்து என்று சிலவற்றில் இருக்கும். காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கி, பதினொரு மணிக்கு ஒருவர் விழுந்து, மாலை மூன்று மணிக்குப் பாலிசி எடுத்தால் அந்தப் பாலிசி அந்த விபத்துக்கு இல்லை. முடியும் நாளோ உங்கள் வேலை முடியும் நாளைத் தாண்டி இருக்க வேண்டும். வேலை இழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

மூன்றாவது, வேலை விவரம். இதைப் படிக்காமலே விடுகிறவர்கள் அதிகம். ‘கட்டட உள் அலங்காரம், பெயின்டிங்’ என்று பாலிசியில் இருக்கிறது. உங்களுக்கு அவர் செய்யப்போவது மூன்றாம் மாடிக் கூரையில் தகடு பொருத்துவது. பிரீமியம் வேலையின் ஆபத்தைப் பொறுத்துத்தான் வாங்கப்படுகிறது. குறைந்த ஆபத்து என்று சொல்லிக் குறைந்த பிரீமியம் கட்டியவருக்கு உயர வேலையில் கிளெய்ம் வந்தால் நிறுவனம் மறுக்கவோ இழுத்தடிக்கவோ செய்யும். சில பாலிசிகளில் இத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல் இல்லை, இத்தனை மீட்டர் ஆழத்துக்குக் கீழே தோண்டினால் இல்லை, வெல்டிங் போன்ற நெருப்பு வேலைக்கு இல்லை என்று வரம்பு இருக்கும். அவை சான்றிதழில் வராது. பாலிசியின் நிபந்தனைப் பக்கங்களிலும் அதோடு இணைக்கும் எண்டார்ஸ்மென்ட் தாள்களிலும்தான் இருக்கும், அதனால் அந்தப் பக்கங்களையும் கேட்டு வாங்க வேண்டும்.

நான்காவது இடம். ஒரே ஒரு முகவரிக்கு மட்டும் எடுத்த பாலிசியும் உண்டு. உங்கள் முகவரியோ ‘நாடு முழுவதும்’ போன்ற சொல்லோ இருக்க வேண்டும். அமெரிக்கப் பாலிசிகளில் எந்தெந்த மாநிலம் என்று பட்டியல் இருக்கும்.

ஆட்களின் எண்ணிக்கையும் சம்பளமும் ஏன் முக்கியம்?

தொழிலாளர் காப்பீட்டுப் பிரீமியம் ஆட்களின் மொத்தச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. பிரீமியத்தைக் குறைக்க எளிய வழி ஆளையோ கூலியையோ குறைத்துக் காட்டுவது. ஆறு பேர் என்று எழுதியிருக்கும், தளத்தில் பதினான்கு பேர் நிற்பார்கள். அடிபட்டவர் ஏழாவது ஆள் என்று நிறுவனம் வாதாடும். அவர் எத்தனையாவது ஆள் என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது.

கூலி விஷயத்தைக் கணக்கோடு பார்ப்போம். இந்தியச் சட்டத்தின் கணக்குப்படி, மரணத்துக்கு மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். கணக்கில் எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரியில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முப்பது வயதுக்காரருக்கு அந்த எண் 207.98. ஆக 7,500-ஐ 207.98-ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய். அதே ஆளுக்குப் பாலிசியில் 8,000 ரூபாய் சம்பளம் என்று அறிவித்திருந்தால் 4,000 பெருக்கல் 207.98, அதாவது 8,31,920 ரூபாய். நடுவில் விழும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளத்தை யார் நிரப்புவது என்பதில்தான் வழக்கு வரும். தொழிலாளிக்கு உண்மையில் கொடுத்த கூலியை வைத்தே இழப்பீடு தீர்மானமாகும்; பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர் குடும்பத்தின் பிரச்சினை அல்ல, ஆகவும் கூடாது.

நீங்கள் செய்யக்கூடியது எளிது. விலைப்புள்ளியில் எத்தனை ஆள், எத்தனை நாள், என்ன கூலி என்று கேட்டு வாங்குங்கள். அதைப் பாலிசியோடு ஒப்பிடுங்கள். வேலை தொடங்கிய பிறகு வாரம் ஒரு நாள், சொல்லாமல் போய்த் தலைகளை எண்ணுங்கள்.

சான்றிதழ் போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தாளைப் பார்த்தே கண்டுபிடிக்க முயல வேண்டாம். தேதியின் எண்கள் மட்டும் வேறு எழுத்துருவில் இருப்பது, வரி கொஞ்சம் மேலே ஏறியிருப்பது, கைப்பேசியில் எடுத்த மங்கலான படமாகவே அனுப்புவது இவையெல்லாம் சந்தேகத்துக்குக் காரணங்கள்தான். ஆனால் நன்றாகச் செய்த போலியில் இவை எதுவும் இருக்காது. அதைவிட, உண்மையான சான்றிதழே செல்லாததாக இருக்கலாம். மார்ச்சில் பாலிசி எடுத்து, சான்றிதழ் வாங்கி, ஏப்ரலில் தவணை கட்டாமல் விட்டால் பாலிசி ரத்தாகிவிடும், தாள் மட்டும் அப்படியே கையில் இருக்கும். அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் அகார்ட் 25 என்ற காப்பீட்டுச் சான்றிதழ்ப் படிவத்தின் மேலேயே, இது தகவலுக்காக மட்டும் தரப்படுகிறது, வைத்திருப்பவருக்கு எந்த உரிமையும் தராது என்று அச்சிட்டிருப்பார்கள்.

ஆகவே வழங்கிய நிறுவனத்திடம் நேரே கேட்பதுதான் வழி. தொலைபேசி எண்ணைச் சான்றிதழிலிருந்து எடுக்காதீர்கள்; நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து நீங்களே தேடி எடுங்கள். போலித் தாளில் போலி எண்ணும் இருக்கும், மறுமுனையில் ‘ஆமாம் சார், நடப்பில் இருக்கு’ என்று சொல்ல ஆளும் இருப்பார். ஏஜென்ட் சொல்வதையும் மட்டும் நம்ப வேண்டாம். பாலிசியை வழங்குவது நிறுவனம், ஏஜென்ட் அல்ல. கேட்க வேண்டியவை இவை:

பாலிசி எண்ணைச் சொல்லி, இது இந்தப் பெயரில்தான் இருக்கிறதா? இன்றைய தேதியில் நடப்பில் இருக்கிறதா? முழுப் பிரீமியமும் வந்துவிட்டதா, தவணை பாக்கி உண்டா? வேலை விவரமாக என்ன பதிவாகியிருக்கிறது? எத்தனை பேர்? ரத்து செய்யச் சொல்லி ஏதாவது கடிதம் வந்திருக்கிறதா?

தனியுரிமையைக் காரணம் காட்டி நிறுவனம் பதில் சொல்ல மறுக்கலாம். அப்போது ஒப்பந்ததாரரையே நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள், உங்கள் முகவரியையும் அதில் சேர்த்து. பதில் உங்களுக்கு நேரே, நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வர வேண்டும். நேர்மையாக எடுத்தவருக்கு இது ஐந்து நிமிட வேலை.

‘நான் ஒருத்தன்தான், எனக்கு ஆள் கிடையாது’ என்கிறார். அப்போது?

தனியாளாகத் தொழில் செய்பவருக்குப் பல நாடுகளில் இந்தக் காப்பீடு கட்டாயம் இல்லை. எடுத்தாலும் முதலாளியான அவரையே அது சேர்க்காமல் இருக்கலாம். பிரிட்டனில் நெருங்கிய உறவினர்களை மட்டும் வைத்து நடத்தும், நிறுவனமாகப் பதிவாகாத தொழிலுக்கும் விலக்கு உண்டு. அமெரிக்காவில் இதிலிருந்து ஒரு தந்திரம் முளைத்தது: முதலாளி தன்னை விலக்கிக்கொண்டு, ஆளே இல்லை என்று அறிவித்துக் குறைந்தபட்சப் பிரீமியத்தில் ஒரு பாலிசி எடுத்துவிடுவார். சான்றிதழ் உண்மை, பாலிசி உண்மை, ஆனால் அதற்குள் ஒரு மனிதர்கூட இல்லை. அங்கே இதைப் ‘பேய்ப் பாலிசி’ என்று பொருள்படவே அழைக்கிறார்கள்.

நடைமுறையில் தனியாள் தனியாளாகவே இருப்பதில்லை. இரண்டாம் நாள் ஏணியைப் பிடிக்க மைத்துனர் வருவார், மூன்றாம் நாள் சுமை தூக்க இரண்டு பேர். அந்த இரண்டு பேரைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். ஆகவே எழுத்தில் வாங்குங்கள்: வேறு யாரையும் அழைத்து வரமாட்டேன், அழைத்து வருவதானால் முதல் நாளே சொல்லிக் காப்பீட்டைக் காட்டுவேன் என்று. அவருடைய சொந்தப் பாதுகாப்புக்குத் தனிநபர் விபத்துப் பாலிசி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இந்த ஓரிடத்தில் அதுதான் சரியான பாலிசி.

அவர் கீழே துணை ஒப்பந்ததாரருக்கு விட்டால்?

சென்டரிங்குக்கு ஒருவர், கம்பி கட்ட ஒருவர், மின்வேலைக்கு ஒருவர் என்று ஒரு கட்டடத்தில் நாலைந்து பேரின் ஆட்கள் நிற்பார்கள். முதன்மை ஒப்பந்ததாரரின் பாலிசி தானாகவே அவர்கள் எல்லோரையும் சேர்க்கும் என்று எண்ண வேண்டாம். இந்தியப் பாலிசிகளில் துணை ஒப்பந்ததாரரின் ஆட்களைத் தனியாகச் சேர்த்துக் கூடுதல் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். தொழில்சார் நோய்களுக்கும் மருத்துவச் செலவுக்கும் அதுபோலவே தனிச் சேர்க்கை கேட்க வேண்டியிருக்கும். இரண்டில் ஒன்று போதும்: முதன்மைப் பாலிசியில் சேர்க்கை, அல்லது ஒவ்வொரு துணை ஒப்பந்ததாரரின் தனிச் சான்றிதழ். இரண்டும் இல்லாமல் ‘அவங்களுக்கு அவங்க பார்த்துப்பாங்க’ என்ற பதிலோடு ஆட்களை உள்ளே விடாதீர்கள்.

பாலிசியில் என் பெயரும் வர வேண்டுமா?

பெரிய வேலை என்றால் கேட்பது நல்லது. விபத்துக்குப் பிறகு தொழிலாளி உங்கள் மீது கோரிக்கை வைத்தால் அதையும் அந்தப் பாலிசியே பார்த்துக்கொள்ளும்படி, ‘வேலை கொடுப்பவருக்கும் ஈடு’ என்ற எண்டார்ஸ்மென்ட் சேர்க்க முடியும். இன்னொன்று, இழப்பீடு கொடுத்த நிறுவனம் பிறகு உங்கள் மீது திரும்பி வசூலிக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பது. இரண்டும் எல்லா நாட்டிலும் எல்லா நிறுவனத்திலும் கிடைக்காது. கிடைத்தால் எண்டார்ஸ்மென்ட் தாளையே வாங்குங்கள். சான்றிதழில் உங்கள் பெயர் ‘பெறுநர்’ என்ற கட்டத்தில் இருப்பது இதற்குச் சமமல்ல, அது வெறும் அஞ்சல் முகவரி.

ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

நீளமாக வேண்டாம். இப்படி இருக்கலாம்:

‘ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரரின் ஆட்கள் உட்பட, பணியிடத்துக்குக் கொண்டுவரும் ஒவ்வொருவருக்கும் சட்டப்படியான விபத்து இழப்பீட்டை ஈடுசெய்யும் காப்பீட்டை, முதல் ஆள் உள்ளே வரும் முன்பிருந்து கடைசி ஆள் வெளியேறும் வரை நடப்பில் வைத்திருக்க வேண்டும். அது ரத்தானால், காலாவதியானால், அறிவித்த எண்ணிக்கையைவிட ஆட்கள் கூடினால், அன்றே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காப்பீடு இல்லாத நாளில் வேலையை நிறுத்தவும், ஒப்பந்ததாரர் செலவில் காப்பீடு எடுத்து அத்தொகையைப் பில்லில் பிடித்துக்கொள்ளவும் வேலை கொடுப்பவருக்கு உரிமை உண்டு. அப்படி நிறுத்திய நாட்களுக்குக் கால நீட்டிப்போ நஷ்டஈடோ கிடையாது.’

முன்பணத்தைச் சான்றிதழ் சரிபார்த்த பிறகுதான் கொடுங்கள். வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாக வரும் ஒவ்வொரு ரன்னிங் பில்லோடும் நடப்புச் சான்று இணைக்க வேண்டும் என்றும் சேருங்கள். பணம் போகும் வழியில் வைக்கும் நிபந்தனைதான் மறக்கப்படாமல் இருக்கும்.

‘எங்களுக்கு அடிபட்டால் யாரும் பொறுப்பில்லை’ என்று தொழிலாளிகளிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். இந்தியச் சட்டம் அப்படிப்பட்ட ஒப்பந்தத்தைச் செல்லாது என்றே சொல்கிறது. பெரும்பாலான நாடுகளிலும் நிலை இதுதான். படிக்கத் தெரியாதவரின் கைநாட்டில் உங்கள் பாதுகாப்பு இல்லை. அதை வாங்குவதும் நியாயமில்லை.

வேலை நடுவில் பாலிசி முடிந்தால்?

முடியும் நாளுக்கு 30 நாள் முன்பும், பிறகு 7 நாள் முன்பும் கைப்பேசியில் நினைவூட்டல் வையுங்கள். புதுப்பித்த பாலிசி முந்தையது முடிந்த மறுநொடியிலேயே தொடங்க வேண்டும். இடையில் இரண்டு நாள் ஓட்டை இருந்தாலும் அந்த இரண்டு நாளும் வேலை நிற்க வேண்டும். ஒன்டாரியோவின் கிளியரன்ஸ் சான்று அதிகபட்சம் 90 நாள்தான் செல்லும், ஆகவே நீண்ட வேலைக்கு ஒருமுறை பார்த்தால் ஆகாது.

அவருக்குக் காப்பீடே இல்லை. ஆனால் கைத்திறமை உள்ளவர், விட மனமில்லை.

விட வேண்டியதில்லை, எடுக்க வையுங்கள். குறிப்பிட்ட ஒரு வேலைக்கு, குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும் பாலிசி தரும் நிறுவனங்கள் பல இடங்களில் உண்டு. பிரீமியத்தை விலைப்புள்ளியில் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். அதை நீங்கள் தருவதாக ஒப்புக்கொண்டாலும் நஷ்டமில்லை. விலை மிகக் குறைவாகச் சொன்னவரின் கணக்கில் பெரும்பாலும் விடுபட்டிருப்பது இந்த வரிதான். முதல் ஆள் உள்ளே கால் வைக்கும் முன் பாலிசி தொடங்கிவிட வேண்டும். நடந்த விபத்துக்குப் பின்தேதியிட்டு யாரும் பாலிசி தர மாட்டார்கள்.

அரை நாள் வேலைக்குமா இவ்வளவும்?

நாளின் நீளத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. மரத்தின் கிளையை வெட்டுவது, வெளிச்சுவரில் ஏசி மாட்டுவது, தகரக் கூரையில் ஓட்டை அடைப்பது, மின்கம்பி அருகே விளம்பரப் பலகை கட்டுவது எல்லாம் அரை நாள் வேலைகள்தான். பத்து நாள் தரைத்தளத்துக்கு வெள்ளையடிப்பதைவிட ஆபத்தானவை. உயரம், மின்சாரம், தோண்டல், மூடிய இடம் இந்த நான்கில் ஒன்று இருந்தால் காப்பீட்டைப் பார்க்காமல் விடாதீர்கள்.

கழிவுநீர்த் தொட்டி மட்டும் தனி விஷயம். உரிய பாதுகாப்புக் கருவிகளும் ஏற்பாடுகளும் இல்லாமல் அதற்குள் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை இந்தியாவில் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அங்கே கேட்க வேண்டியது காப்பீடு இருக்கிறதா என்பதல்ல, உறிஞ்சு இயந்திரம் இருக்கிறதா என்பது. உள்ளே தேங்கும் நச்சு வாயு சில நொடிகளில் மயங்க வைக்கும், காப்பாற்ற இறங்குபவரையும் சேர்த்து. யாரையும் இறக்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் விபத்து நடந்துவிட்டால் முதலில் என்ன?

மருத்துவமனை. காப்பீடு, போலீஸ், பில் எல்லாம் அதற்குப் பிறகு. ஆள் மருத்துவர் கைக்குப் போனதும், விழுந்த இடத்தை அப்படியே வைத்துப் படம் எடுங்கள்: சாரம், ஏணி, கயிறு, தரை. அன்றைய வருகைப் பதிவேட்டுப் பக்கத்தையும் படம் எடுங்கள். அடிபட்டவர் அன்று வேலையில் இருந்தார் என்பதற்கு அதுதான் சாட்சி, பின்னால் பெயரே இல்லாமல் போகும் ஆபத்து அவருக்குத்தான். ஒப்பந்ததாரர் காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே எழுத்தில் தெரிவித்தாரா என்று பாருங்கள். தெரிவிக்கவில்லை என்றால் பாலிசி எண்ணோடு நீங்களே தெரிவியுங்கள். தாமதம் கிளெய்மை மறுக்க ஒரு காரணமாகிவிடும்.

குடும்பத்தாரிடம் ஒரு தொகையைக் கொடுத்துப் ‘பேசி முடிக்க’ ஒப்பந்ததாரர் முயன்றால் அதில் சேராதீர்கள். இந்தியாவில் இழப்பீட்டு உடன்பாடு உரிய அதிகாரியிடம் பதிவாக வேண்டும். சட்டப்படி பதினைந்து லட்சம் வர வேண்டிய குடும்பம் ஐம்பதாயிரத்தோடு ஊருக்குத் திரும்ப நேர்வது இப்படித்தான்.

வேலை முடிந்தது. சான்றிதழ்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

வைத்திருங்கள். எலும்பு முறிவு அன்றே தெரியும், தூசியால் வரும் நோய் அன்று தெரியாது. கல்நார்த் தூசியைச் சுவாசித்தவருக்குப் புற்றுநோய் வெளிப்பட 20 முதல் 50 வருடம் ஆகலாம். கல் அறுக்கும் தூசியால் வரும் சிலிக்கோசிஸும் பல வருடம் கழித்தே தலைகாட்டும். அப்போது ஒப்பந்ததாரரின் தொழிலே மூடப்பட்டிருக்கும், எந்த வருடம் எந்த நிறுவனத்தில் பாலிசி இருந்தது என்று சொல்ல ஆள் இருக்காது. பிரிட்டனில் இப்படித் தேடி அலைந்தவர்கள் பலர். பழைய பாலிசிகளைத் தேடித் தருவதற்கென்றே 2011-இல் அங்கே தனி அலுவலகம் தொடங்கப்பட்டது. சான்றிதழ், பாலிசிப் பக்கங்கள், ஆட்களின் பெயர்ப் பட்டியல், நிறுவனத்தின் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் நான்கையும் ஒரே கோப்பில் போட்டு, வேலை நடந்த வருடத்தையும் ஒப்பந்ததாரரின் பெயரையும் கோப்பின் பெயராக வைத்து, இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள்.